என் பெயர் வெட்டிய சொம்பு

சீர்காழியில் என் சமையலறை ஜன்னலோரம் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. காலை வெயில் பட்டால், அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பவை போல மெல்ல அசையும். முதலில் என் பெயர், அடுத்து ‘நினைவுப் பரிசு’. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் காபியை ஆற்றிக் கொடுத்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டிக்கொள்வேன்.

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்காவோ எழுதுவதற்கென்றே பிறந்தவள். அவளுடைய கட்டுரைகளைத் தமிழ் டீச்சர் வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவார். பத்தாவது படிக்கும்போது ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த ஆண்டிலிருந்து பள்ளி ஆண்டு விழாவில் அவள் பெயரில் கட்டுரைப் பரிசு கொடுக்க ஆரம்பித்தார் அப்பா. சம்பா அறுவடை முடிந்ததும் கும்பகோணம் போய் ஒரு சொம்பு வாங்குவார். கடையிலேயே அக்காவின் பெயரோடு ‘நினைவுப் பரிசு’ என்று வெட்டச் சொல்லி, செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்.

நானும் நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் பரிசு கொடுக்கிறவர் வீட்டுப் பிள்ளை போட்டியில் எழுதக்கூடாது என்பது தலைமை ஆசிரியர் வைத்த சட்டம். மேடையில் அப்பா வெள்ளை வேட்டியோடு நின்று, யார் வீட்டுப் பெண்ணுக்கோ சொம்பைக் கொடுத்துத் தலையைத் தொடுவார். கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு ஒரே மகள்தான், அவளும் போய்விட்டாள் என்று தோன்றும்.

நான் பத்தாவது படித்த வருடம் அப்பா கொண்டுவந்த சொம்பைப் பிரித்துப் படித்தவள் நான்தான். படித்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். என்னவென்று கேட்ட அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அக்கா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர்.

“ஏங்க, உங்க வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! உசுரோட நிக்கிற புள்ளைக்கு நினைவுப் பரிசா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். “எப்பவும் போற கடை பூட்டிக் கெடந்துச்சு. புதுக் கடைக்காரரு, உங்க பொண்ணு பேரு என்னங்கன்னு கேட்டாரு. நான் யோசிக்கவே இல்ல. வாயில வந்துடுச்சு.”

அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். அது வெடித்த நெடியில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். என் கண்ணில் வந்தது நெடியால் இல்லை. அப்பா மறுநாளே போய் அக்கா பெயரில் வேறு சொம்பு வாங்கிவந்தார். பழைய பித்தளைக்குப் போட்டுவிடச் சொன்ன சொம்பை நான் விதைநெல் மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். அந்த வருடப் பரிசை மேலத்தெருப் பெண் வாங்கியபோது, கூட்டத்தில் அதிகமாகக் கை தட்டியது நான்தான்.

அப்பா இப்போது இல்லை. பரிசுச் சொம்பை நான் வாங்கிக் கொடுக்கிறேன். பரிசு வாங்கிய பெண்களெல்லாம் எங்கெங்கோ வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போவதுபோல, முகம் தெரியாத வீடுகளிலெல்லாம் அக்காவின் பெயரில் யாரோ தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருப்பார்கள். அரைத் தூக்கத்தில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதுண்டு.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். படுக்கப் போகுமுன் எழுத்துகள் தெரியாதபடி என் சொம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பாள். இன்று காலையும் அப்படித்தான் இருந்தது. அக்காவுக்காக அப்பா வருடா வருடம் யோசித்து யோசித்துக் கொடுத்தார். இதை யோசிக்காமல் கொடுத்தார். நான் அதை வெயில் பக்கம் திருப்பி வைத்தேன்.