மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருந்த கல்யாணப் படம்

தொண்ணூறுகளின் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சைபர் கஃபேயில் வேலை பார்த்தேன். ஆறே கம்ப்யூட்டர், லைனோ ஆமை வேகம். சுத்தம் என்று வந்தால் நான் பேய். கீபோர்டில் கறிபாப் பலகாரத் துகள் விழுந்தால் எப்பேர்ப்பட்ட கொம்பனானாலும் எழுப்பி விடுவேன்.

சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து ரயிலேறி ஓர் அங்கிள் வருவார். பெர்த்தில் இருந்த மகன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான். இவர் போகவில்லை, பேச்சும் விட்டுப்போயிற்று. மகன் இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் வைத்திருந்தான். அதன் முகவரியையும் அவன் இமெயிலையும் உறவினர் ஒருவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் தடவை அந்தக் கல்யாணப் படம் நெற்றி, மூக்கு, மாலை என்று இறங்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். பிறகு எப்போது வந்தாலும் மூன்றாம் நம்பரில்தான் உட்காருவார். அதில் படம் சட்டென்று வந்துவிடும்.

"நான் பாக்கணும்னுதாம்மா பக்கத்துலேருந்து எடுக்காம வச்சிருக்கான்" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளி சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்தார். மானிட்டர்களைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். அதோடு விட்டேனா? உள்ளேயும் துடைத்தால்தானே சுத்தம் என்று, பார்த்த பக்கங்களைக் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருக்கும் கேஷ் முழுவதையும் ஆறிலும் அழித்தேன். சுண்டல் தின்றபோது அவ்வளவு பெருமை எனக்கு.

சனிக்கிழமை அங்கிள் வந்தார். படம் வரவில்லை. அப்படியொரு பக்கமே இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நான்காம் நம்பரிலும் அதே வரி. மகன் எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறான். வேகமாக வரட்டும் என்று நான் செய்து வைத்திருந்த அமைப்பால், மூன்றாம் நம்பர் வெளியே தேடாமல் தன்னிடமிருந்த பழைய படத்தையே இத்தனை நாள் காட்டியிருக்கிறது.

"எடுத்துட்டானாம்மா?" அங்கிள் குரலே மாறிவிட்டது.

"இல்ல அங்கிள், நான்தான் அழிச்சிட்டேன். பூஜைக்கு கிளீன் பண்ணேன்லா, அதுல போயிடுச்சு."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "அறிவிருக்கா உனக்கு? என் மகன் படத்த அழிக்க நீ யாரு?" கடையே திரும்பிப் பார்த்தது. திட்டு வாங்கி நிம்மதியடைந்தது அன்று ஒருநாள்தான்.

அவர் அடங்கியதும், "இமெயில் போட்டு வேற படம் கேக்கலாம் அங்கிள், என்னோடதுலேருந்தே அனுப்புறேன்" என்றேன்.

சீட்டை என் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்: "கடைப் பொண்ணு உன் கல்யாணப் படத்த அழிச்சிருச்சு. வாரா வாரம் வந்து பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னொன்னு அனுப்பு. அப்பா."

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான். ஒரே வரி, கீழே அவன் போன் நம்பர்.

"நீங்க பாக்கவே மாட்டீங்கன்னு நெனச்சுதாம்பா அத எடுத்தேன்."

அங்கிள் இரண்டு முறை வாசித்தார். என் பக்கம் திரும்பினார். பொய் பிடிபட்டுவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"பெர்த்துல இப்ப மணி என்னம்மா?"

"நம்ம டைம்தான் அங்கிள், இப்பவே கூப்பிடலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.