தவுக்கே வாசலில் சிவப்புக் காகிதம்

என் வீட்டுக்காரருக்குக் குப்பைக் காகிதப் பைத்தியம். முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டும் வேலை. தேயிலை உறை, தீப்பெட்டிப் படம் என்று பொறுக்கி வந்து, கஞ்சி தடவி நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் வட்டம் வட்டமாக ஒட்டுவார். பிறகு அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"குடிக்கிற கஞ்சியைச் சுவத்துக்கு ஊத்துறியே, வெட்கமா இல்ல?"

"பார்த்தா மனசு அடங்குது பூவம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், சீனப் பெருநாளுக்கு மறுநாள். சிராங்கூன் சாலையில் இவர் கூட்டுகிற பகுதியில் ஒரே ஒரு சீனக் கடை. அதன் வாசலெல்லாம் பட்டாசு வெடித்த சிவப்புக் காகிதம். கங்காணி சேதுபதி காலையிலேயே குதித்தார்: "மருதப்பா, பத்து மணிக்கு முனிசிபாலிட்டித் துரை தெருவைப் பார்க்க வர்றாரு. தெரு சுத்தமா இல்லேன்னா வேலையும் இல்ல, லயத்து அறையும் இல்ல!" எனக்கோ ஏழாம் மாதம். அறை போனால் பிள்ளையை நடுத்தெருவிலா பெறுவது? நானும் இவர் பின்னாலேயே போனேன்.

இவர் காகிதத்தில் துடைப்பத்தை வைத்ததுமே கடை முதலாளி தவுக்கே கம்போடு பாய்ந்து வந்தார். "ஜங்ஙான் சாப்பு!" மலாயில் கூட்டாதே என்கிறார். பெருநாள் குப்பையை வெளியே தள்ளினால் வீட்டு அதிர்ஷ்டமும் போய்விடுமாம்.

இவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் குந்தினார். காகிதத்தை வெளியே தள்ளாமல், கையால் வாசற்படிப் பக்கம் இழுத்தார். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றி ஒரு வரிசை, அதைச் சுற்றி இன்னொன்று. ராத்திரி மழையில் நனைந்த காகிதம் வைத்த இடத்தில் ஒட்டியது.

"யோவ், விளையாடுற நேரமாய்யா இது?" என்று அதட்டினேன்.

இவர் காதில் விழவில்லை. தவுக்கே கம்பை இறக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. வட்டம் வண்டிச் சக்கரம் அளவு வளர்ந்தது; தெருவில் ஒரு துண்டும் மிச்சமில்லை.

குதிரை வண்டி வந்து நின்றது. துரை இறங்கி நேரே வட்டத்தை நோக்கி நடந்தார். கங்காணி முகத்தில் ஈயாடவில்லை. துரை பூட்ஸ் காலைத் தூக்கினார்.

"மிதிக்காதீங்க துரை!"

தெருவே திரும்பியது. கத்தியது நான்தான். பாவி, நானே என் குடியைக் கெடுத்துவிட்டேனே!

துரையின் கால் அந்தரத்தில் நின்றது. குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வட்டத்தைச் சுற்றிக்கொண்டு தெருக்கோடிவரை போய்த் திரும்பி, கங்காணியிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியேறினார். தவுக்கே கம்பைச் சுவரில் சாய்த்தார்.

இவர் என்னைப் பார்த்தார். "கத்துனது நீயா?"

"ஆமா, நான்தான்! வெயில்ல காஞ்சு நீ வச்சதை எவனோ மிதிக்க விடுவேனா? பல்லைக் காட்டாம எந்திரி."

அன்று கஞ்சியில் ஒரு கரண்டியை நானே தனியாக எடுத்து, சுவரோரம் வைத்தேன்.