நான் விரல் வைத்த இடம்

“லயத்துப் புள்ள டீச்சராகி என்னத்தக் கிழிக்கப் போவுது?” எனக்கு நியமனம் கிடைத்த அன்று, தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது.

ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டை நான் திருடினேன். சுற்றி வளைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வாழும் எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு. ஹந்தானைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒருவர்கூடத் தவறக்கூடாது, கணக்கப்பிள்ளை வாயை மூட வேண்டும்... அதுவே என் வைராக்கியம்.

தர்ஷினி அந்த வகுப்பில்தான் இருந்தாள். நான் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை சொல்லிவிடுவாள். மீதி நேரம்? கடைசி வாங்கில் போய் உட்காரச் சொல்வேன். அங்கே கணக்கில் பின்தங்கிய சசிக்கும் மற்றவர்களுக்கும் பின்னக்கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். பிள்ளைகள் அவளைக் ‘குட்டி டீச்சர்’ என்றார்கள். நான் அதைச் சமத்துவம் என்றேன்!

அப்போதுதான் கண்டி நகரப் பாடசாலை ஒன்றிலிருந்து படிவம் வந்தது. கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை எங்களிடமிருந்து சேர்த்துக்கொள்வார்களாம். அது தர்ஷினிதான். அவள் போய்விட்டால் கடைசி வாங்கு என்னாகும்?

தர்ஷினியின் அம்மா கொழுந்துக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். எங்கள் தாய்மார் டீச்சர் காட்டும் இடத்தில் கையெழுத்திடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் டீச்சரை நம்பாதது போலாகிவிடுமாம்.

“எங்க போடணும் டீச்சர்?”

‘விருப்பமில்லை’ என்ற வரியின் கீழ் விரலை வைத்தேன். தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டார்... நன்றியும் சொன்னார்! என் படிவங்களில் என் அம்மாவும் இப்படித்தானே கையெழுத்திட்டிருப்பார்?

சசிக்காகவா செய்தேன்? இல்லை. என் வேலையை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றினேன். ஆண்டிறுதியில் எல்லாரும் தேறினார்கள். “பரவாயில்லையே டீச்சரம்மா!” என்று கணக்கப்பிள்ளை வடை வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்னாமல் வைத்துவிட்டேன்.

போன வாரம் தர்ஷினி வீட்டு லயத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தர்ஷினியின் அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீங்க நம்ம புள்ளையாச்சே டீச்சர்...”

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்!

தர்ஷினிக்கு வேறு கவலை. “அப்ப சசிக்கு யாரு சொல்லிக்குடுப்பா?”

“நான்தான்டி. அது என் வேலை.”

“உங்களுக்குப் பொறுமையே இல்லையே டீச்சர்!”

பள்ளி விட்டபின் இப்போது கடைசி வாங்கில் நான்தான் உட்காருகிறேன். நெஞ்சு இலேசாகிவிட்டது, ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆண்டு? நகரத்துப் பிள்ளைகள் அதற்குள் எவ்வளவோ தூரம் போயிருப்பார்கள். இனி இடம் கிடைக்குமா என்பதும் தெரியாது...

இன்று காலை அந்தப் பாடசாலை அதிபரிடம் என் கடிதத்தை நேரில் கொடுத்தேன். ‘தாய் மறுக்கவில்லை, மறுத்தது நான்’ என்று எழுதியிருந்தேன். கூடவே புதிய படிவம்.

நேற்று அந்தப் படிவத்தைத் தர்ஷினியின் அம்மாவுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினேன். கையெழுத்திட வேண்டிய இடத்தை அவரே தேடினார். நெடுநேரம் தேடினார். நான் விரல்களை மடக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.