எண் போட்டு எழுதிய நன்றிக் கடிதம்

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த மறு வருஷம் நடந்தது இது. அப்போது நான் சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபரட்டரியில் தற்காலிக வேலையில் இருந்தேன். எங்கள் ஊர் நகரிப் பக்கம். வீட்டில் தமிழ்தான்; தெலுங்கு பேசுவேன், எழுத வராது. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் தெலுங்குப் பரீட்சை தேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒருநாள் மைக்ராஸ்கோப் பக்கத்தில் ஒரு தாளை வைத்துத் தெலுங்கு எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு வந்த கன்னியாஸ்திரீ எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கான்வென்ட் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர், குண்டூர்ப் பக்கத்துக்காரர்.

"ஏமே அம்மாயி, எனக்கில்ல ஜுரம், உன் எழுத்துக்குத்தான்! மத்தியானம் கான்வென்ட் பின் கேட்டுக்கு வா" என்றார், தெலுங்கு கலந்த தமிழில்.

போனேன். குடிபாலா ரோட்டிலிருந்து விறகு சுமந்து வந்து விற்கும் பெண்கள் ஆறு பேர், சும்மாடுகளைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் கால் வைக்காதவர்கள். நான் கடைசியில் உட்கார்ந்தேன்.

"யக்கா எழுத்து நம்மள்த விட மோசமாக்கீது சிஸ்டர்!" என்று ஒருத்தி சிரித்தாள். அந்த நேரம் கன்னியர் மடத்தில் ஓய்வும் மௌனமும் காக்க வேண்டிய நேரம் என்பது எனக்குத் தெரியும். ஏதோ சலுகை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை திருப்பதியில். தனியாகப் போகப் பயந்தேன். சிஸ்டருக்கும் அன்று அங்கே ஒரு வேலை இருந்தது; இன்னொரு சிஸ்டருடன் போவதாக ஏற்பாடு. காலையில் அந்த இன்னொரு சிஸ்டருக்குக் காய்ச்சல். என் முகத்தைப் பார்த்துவிட்டு இவர் மட்டும் பஸ் ஏறினார். பரீட்சை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் என் புளிச்சோற்றைப் பாதி கொடுத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டார். கூச்சம் என்று நினைத்தேன்.

தேறினேன். திருப்பதியிலேயே வேலை போட்டார்கள். சிஸ்டருக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். எதையும் எண் போட்டு எழுதுவது என் பழக்கம். லேபரட்டரியில் ஸ்லைடு மேல் எந்தச் சாயத்தை எத்தனை நிமிஷம் விட வேண்டும் என்பதைக்கூட அப்படித்தான் எழுதி ஒட்டியிருப்பேன். கடிதத்திலும் ஏழு விஷயங்கள். ஒன்று, ஓய்வை விட்டுவிட்டு விறகுக்காரப் பெண்களுக்கும் எனக்கும் பாடம் சொன்னது. நான்கு, துணையில்லாமல் என்னோடு திருப்பதி வந்தது. ஐந்து, என் சோற்றை வேண்டாம் என்னாமல் சாப்பிட்டது. என் தேர்ச்சியைக் காட்டும் ஆசையில் முழுக்கத் தெலுங்கில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து லீவில் சித்தூர் போனேன். பின் கேட்டில் விறகுக்காரப் பெண்களில் இரண்டு பேர் மட்டும் நின்றிருந்தார்கள். "சிஸ்டர் எப்போ வருவாங்க யக்கா?" என்று என்னையே கேட்டார்கள். கேட்டைத் திறந்த சமையல்கார அம்மா என்னை உள்ளே இழுத்தாள்.

"ஏம்மா, கடுதாசி எல்லாம் மதர் பிரிச்சிப் படிச்சிட்டுத்தான் குடுப்பாங்கன்னு உனுக்குத் தெரியாதா? இத்தினி நாளா வந்துகினு போய்க்கினு இருந்தியே! மதர் ஒவ்வொரு நம்பரா படிச்சிக் கேட்டாங்க. அந்த அம்மா மண்டி போட்டுகினு ஏழுக்கும் ஆமான்னு சொல்லிச்சு."

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"மறுநாளே வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. எந்த ஊர்னு நம்ம கிட்ட சொல்லுவாங்களா? நீ தமிழ்ல எழுதியிருந்தா மதருக்குப் புரிஞ்சே இருக்காது."

துணைக்கு இன்னொரு சிஸ்டர் இல்லாமல் வெளியூர் போவதும், வெளியாட்கள் முன்னால் சாப்பிடுவதும் அவர்களுக்குக் கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மடத்துத் தலைவியான மதரைப் பார்த்தே தீருவது என்று முன்னறையில் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டேன். தவறு என்னுடையது, சிஸ்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள், முடியாவிட்டால் அந்தப் பெண்களுக்கு வேறு யாரையாவது அனுமதியோடு போடுங்கள். மதர் வந்தார். கொடுமைக்காரர் அல்ல. என் வேலையைப் பற்றி அன்பாக விசாரித்தார். பிறகு தெலுங்கில், "உன் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை" என்றார்.

"தாங்க்ஸ் மதர்" என்றேன்.

மணி அடித்தது, அவர் ஜெபத்துக்குப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தப் பெண்கள் நிற்கும் பின் கேட்டைத் தவிர்த்து முன்வாசல் வழியாக வெளியேறினேன்.

தெரியாமல் எழுதிய கடிதத்துக்காக அந்த சிஸ்டர் என்னை எப்போதோ மன்னித்திருப்பார். எல்லாம் தெரிந்த பிறகும் பேசாமல் வந்த அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் இன்றுவரை யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.