திமிங்கிலத்தின் காதில் புழு

ஞாயிறு காலை 5.40. நெய்வேலி, இருபத்தோராம் பிளாக். திமிங்கிலம் பார்க்கக் கிளம்பியவள் என்றதும் என்னைத் துணிச்சல்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கூட்டர் வாங்கி ஒன்பது வருஷமாகிறது. ஆர்ச் கேட்டைத் தாண்டி ஒருநாளும் ஓட்டியதில்லை. டவுன்ஷிப்புக்குள் ரோடு அகலம், லாரி அபூர்வம், அதற்குள்தான் என் வீரமெல்லாம். வெளியே போவதென்றால் யாராவது ஓட்ட வேண்டும். இன்றைக்கு ஓட்டியவன் என் தம்பி முருகவேல்.

அவன் பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கிறான். மைன்ஸில் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். லீவு நாளில் ஒரு தனியாரிடம் பொக்லைன் ஓட்டுவான். சாமியார்பேட்டைக்குப் பக்கத்தில் குளம் வெட்டிக்கொண்டிருந்த அந்த வண்டியைத்தான், கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைப் புதைக்கக் கேட்டிருக்கிறார்கள். சேதி கேட்டதும் நானும் வருகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறவள். வருஷா வருஷம் கரும்பலகையில் உருளைப்புழு வரைகிறேன், திமிங்கிலத்தைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டையும் நேரில் பார்த்ததில்லை.

6.10. இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வடலூர் ரோட்டில் ஏறினோம். போக சுமார் நாற்பது கிலோமீட்டர். வடலூர் தாண்டியதும் பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. முருகவேல் ஒதுங்கவே இல்லை. ரோட்டின் நடுவுக்குப் போய்க்கொண்டிருந்தான். தோளில் ஓங்கி அடித்தேன். அப்புறம்தான் இடதுபக்கம் ஒடித்தான். லாரியின் காற்று என் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு போனது. தூக்கம் என்றான்.

7.00. குறிஞ்சிப்பாடி. டீ பன்னிரண்டு ரூபாய். பெஞ்சு விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே குடித்தான். தலை ஒரு மாதிரி கிறுகிறுவென்று இருப்பதாகச் சொன்னான். வெறும் வயிறு, அதான் என்று இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். பொங்கலுக்கு வந்தபோதும் இதையேதான் சொன்னான். அப்போது பித்தம் என்று சொல்லி அனுப்பினேன். இந்த வாரம் வியாழக்கிழமை அவனுக்கு மெடிக்கல். பெர்மனன்ட் ஆகப்போகிறவர்கள் லிஸ்டில் பெயர் வந்துவிட்டது. அவன் பெண்டாட்டி செல்வி வரப்போகிற குவார்ட்டர்ஸுக்கு ஜன்னல் திரைகூட எடுத்து வைத்துவிட்டாள். இன்னும் நாலு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடு என்றேன்.

8.15. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சாமியார்பேட்டை. பார்ப்பதற்கு முன்னால் நாற்றம் வந்தது. பன்னிரண்டடி நீளம், கறுப்பு, உருண்டைத் தலை. கண் திறந்தே இருந்தது. அந்தக் கண் பக்கமாக நிற்க எனக்குத் துணிவில்லை, வால் பக்கம் போய்விட்டேன். ஆறுமுகம் என்ற மீனவர் வலையை உதறியபடி நடந்ததைச் சொன்னார்.

“நேத்து உசுரோட வந்துச்சுங்க. ரெண்டு வாட்டி கடலுக்குத் தள்ளி வுட்டோம். நல்லதுன்னு நெனச்சுக்கினுதான் தள்னோம். திரும்பித் திரும்பிக் கரைக்கே வந்துச்சு. கடல் எந்தப் பக்கம்னு அதுக்கே தெரில.”

9.30. வனத்துறையோடு வந்திருந்த கால்நடை மருத்துவர், இருபத்தெட்டு வயதுப் பெண், முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு அறுக்கத் தொடங்கினார். இரைப்பையைத் திறந்ததும் பின்னுக்கு நகர்ந்தேன். வெந்த சேமியாவைக் கொட்டிவைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புழு. சில இன்னும் நெளிந்தன. என் கரும்பலகைப் புழு நெளிந்ததே இல்லை. இதன் குஞ்சுகள் மீனுக்குள்ளும் இருக்கும், நன்றாக வேகவைத்துத் தின்றால் பயமில்லை என்றார் டாக்டர். பயமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, போன ஞாயிறு வறுத்த வஞ்சிரம் வெந்ததா வேகவில்லையா என்று மனசுக்குள் ஓடியது.

அப்புறம் தலையை அறுத்தார். காதுக்குப் பக்கத்துக் குழிக்குள்ளும் புழு. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். திமிங்கிலத்துக்குக் காதுதான் கண். எதிரொலியைக் கேட்டுத்தான் வழி கண்டுபிடிக்கும். காதில் இப்படி அடைத்துப் புண்ணாகிவிட்டால் திசை தப்பலாம் என்றார். இதுதான் காரணம் என்று இப்போதைக்கு அடித்துச் சொல்ல முடியாதாம்.

பொக்லைனிலிருந்து இறங்கிவந்த முருகவேல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். “மனுசன் காதுல பூச்சி பூந்தாலும் இப்பிடித்தான் தல சுத்துங்களா?” என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. இந்தப் புழு மனிதன் காதுக்கு வராது, ஆனால் காது கெட்டால் மனிதனுக்கும் தலை சுற்றும் என்றார். அவன் திரும்பிப்போய் வண்டி ஏறினான்.

11.40. குழி முக்கால்வாசி ஆகியிருந்தது. மைன்ஸில் ஒரு வழக்கம்: பெரிய வண்டி பின்னால் நகரும்போது ஒருத்தர் தரையில் விசிலோடு நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் நில். இங்கே அதற்காக ஒரு வனக்காவலரை நிறுத்தியிருந்தான் முருகவேல். டாக்டர் வண்டிக்குப் பின்னால் குனிந்து, புழு போட்ட புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பொக்லைன் பின்னால் வந்தது. காவலர் இடதுபக்கம் நின்று இரண்டு விசில் ஊதினார். நிற்கவில்லை. மறுபடி ஊதினார், மறுபடி ஊதினார். நான் கத்தினேன். கத்தி என்ன பயன்? செருப்பு எங்கே கழன்றதோ, வண்டிக்கு முன்னால் ஓடி இரண்டு கையையும் ஆட்டினேன். என் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினான். வண்டிச் சக்கரத்தைச் சுற்றிய இரும்புச் சங்கிலிக்கும் டாக்டர் முதுகுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

டாக்டர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த புட்டி மட்டும் சிந்தவில்லை. முருகவேல் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

“எட்டு மாசமா எடது காது கேக்கலக்கா. திடீர் திடீர்னு தல சுத்துது. மெடிக்கல்ல தெரிஞ்சா பேர எடுத்துடுவாங்கன்னு யாராண்டயும் சொல்லல.”

எட்டு மாசம்! கூடப்பிறந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீடுகளுக்கு வந்து பாருங்கள். அப்பா மைன்ஸ், வீட்டுக்காரர் மைன்ஸ், தம்பி மைன்ஸ். மெஷின் இரைச்சலில் பேசிப் பேசி வீட்டிலும் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். இதில் ஒருத்தனுக்குக் காது போனால் யார் கண்டுபிடிப்பது? கோபம் வந்தது. அவன் மேலா, என் மேலா என்று சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, நாளைக்கே காது டாக்டரைப் பாருங்கள், மருந்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்று மட்டும் சொன்னார். முருகவேல் சாவியை எடுத்துக் காவலரிடம் கொடுத்தான். வேறு ஆபரேட்டர் வந்து மண்ணைத் தள்ளி முடிக்க மூன்று மணி ஆனது.

3.20. கிளம்ப வேண்டும். இனி ஸ்கூட்டரை அவன் கையில் கொடுக்க முடியாது. பஸ்ஸில் போய்விடலாமா என்று அரைமணி யோசித்துவிட்டு நானே ஏறினேன். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. வடலூர் நாலுமுனைச் சந்திப்பில் நாலு பக்கமும் பஸ், நடுவில் நான். கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னாலிருந்து “நேரா போக்கா, வண்டி எதும் வர்ல” என்றான். போனேன்.

அப்போதுதான் ஆறுமுகம் சொன்னது நெஞ்சில் குத்தியது. நல்லது என்று நினைத்துத்தான் அவர்கள் இரண்டு தடவை தள்ளினார்கள். பொங்கலுக்கு ஒரு தடவை, காலையில் டீக்கடையில் ஒரு தடவை, நானும் இவனை இரண்டு தடவை தள்ளியிருக்கிறேன்.

5.25. வடக்குத்து. செல்வி வாசலுக்கு வந்து, திமிங்கிலம் எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். உள்ளே கட்டில் மேல் திரைத்துணி மடித்து வைத்திருந்தது. மெடிக்கல் முடிகிற வரைக்குமாவது செல்வியிடம்கூடச் சொல்லாதே என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பயம் போய்விடவில்லை பாருங்கள். வாயை மூடிக்கொண்டேன். முருகவேல் கட்டிலில் உட்கார்ந்து, தன் வலதுபக்கத்தைத் தட்டிக் காட்டினான்.

“இந்தப் பக்கமா ஒக்காரு செல்வி. ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும்.”