மழையில் நிறுத்திய வெள்ளைக் கார்

மலேசியாவின் கிள்ளானில் அப்போது இரண்டு வாரமாகக் காட்டுத்தீயின் புகைமூட்டம். இழுப்பு உள்ள என் கணவர் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். சாம்பல் படிந்த எங்கள் வெள்ளைக் காரைக் கழுவச் சொன்னால் மட்டும், "மழை வரட்டும் லா, அதுவே கழுவிடும்" என்பார்.

ஒரு மாலை வானம் இருண்டதும், போர்ச்சுக்குள் நின்ற காரை வேண்டுமென்றே தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். கூரையிலிருந்து பானெட் வரை கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழுவுன லட்சணம் இதுதானா?"

அவர் ஒரு கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "மழை வானத்தைத்தான் கழுவியிருக்கு."

அது உண்மைதான். மேகத்தில் சில கரித்துகள்களைச் சுற்றியே நீர் கூடித் துளியாகிறது. விழும் துளியும் வழியில் மிதக்கும் கரியை வாரிக்கொண்டு வருகிறது. இரண்டு வாரமாக எங்கள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது, இப்போது கார்மேல் வழிந்து கிடந்தது.

இன்னும் நாலு வார்த்தை கேட்கலாமென்று திரும்பினேன். அவர் தெருமுனை வரை நடந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த இன்ஹேலரைத் தொடாமலே திரும்பி வந்துகொண்டிருந்தார்.

வாளியை நானே தூக்கி வந்தேன்.