மூலை வீட்டுக்கு அடியில் ஒரு குட்டை

இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு வடைக்கடையைக் கடக்கும்போது சூடான எண்ணெய் வாசனை வந்தது. உங்களுக்கு என்றால் பசித்திருக்கும். எனக்கு, வேலையில் சேர்ந்த புதிதில் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

அப்போது என் வேலை, கிள்ளான் பள்ளத்தாக்கின் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, எங்கே செம்பனைத் தோட்டம் போய்க் கட்டடம் வந்தது என்று நிறம் பிரிப்பது. அம்மா அதை, "மேல இருந்து வீடு பாக்குற வேலை" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தார். அவ்வளவுதான். வீடு வாங்க நினைத்தவர்கள் எல்லாம் ஜாதகம் பார்க்க வருவதுபோல் வடைப் பொட்டலத்தோடு வந்தார்கள். வெள்ளம் ஏறுமா, பக்கத்தில் சுடுகாடு உண்டா, ரயில் வருமா? கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் வீடு பார்த்த ஓர் ஆன்டி, மேகம் மூடிய படத்தைப் பார்த்துவிட்டு, "நேரம் சரியில்ல போல" என்று எழுந்தே போய்விட்டார்.

அப்படி ஒரு ஞாயிறு, அம்மாவின் அண்ணன் அத்தையோடு வந்தார். மாமா சொந்த லோரி வைத்து ஓட்டியவர். அவர் இருந்த அடுக்குமாடியில் அதை நிறுத்த இடமில்லை. சாலையோரம் விட்டால் சம்மன், அபராதம். செமினியில் ஒரு மூலை வீடு பார்த்திருந்தார், பக்கத்திலேயே லோரி நிற்கும் அளவுக்கு நிலம். மறுநாள் கையெழுத்து.

"சும்மா ஒரு தடவ பாத்துரும்மா. அத்தைக்குத் திருப்தியா இருக்கும்லா."

"லோரிக்குத்தான் வீடு வாங்குறாரு. நான் அதுக்குத் தொணைக்குப் போறேன்," என்றார் அத்தை.

படங்களைப் பின்னோக்கி ஓட்டினேன். கூரைகள் போய்ச் செம்மண் வந்தது. இன்னும் பின்னால், வீடு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாகத் தண்ணீர். ஈயம் தோண்டி எடுத்தபின் கைவிட்ட குட்டை. நிரப்பிய மண் சரியாக இறுகாவிட்டால் சுவர் பிளக்கும். இதை எப்படிச் சொல்வதென்று நான் தயங்கும்போதே மாமா திரையருகே குனிந்தார்.

"ரெட்டைக் குட்டை, நடுவுல ரோடு... ஐயோ, இது நான் மண்ணு கொட்டுன எடம்லா!"

அந்த வீட்டைப் பலமுறை நேரில் போய்ப் பார்த்தவர்தான். சுற்றிலும் எல்லாமே மாறியிருந்ததால் இடம் பிடிபடவில்லை.

"மண்ணு மட்டுந்தானா?" என்றார் அத்தை.

"மண்ணு பத்தலன்னா ஒடஞ்ச கல்லு, டயரு, பழைய மெத்த. கொட்டச் சொன்னாங்க, கொட்டுனேன்."

"அதுக்கு மேலயா என்னைப் படுக்க வைக்கப் பாத்தீங்க?"

மூவரும் சிரித்தோம். மாமாதான் முதலில் நிறுத்தினார்.

கையெழுத்துப் போடவில்லை. காஜாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். அங்கும் லோரிக்கு இடமில்லை, அதை மாமா விற்றுவிட்டார். பழைய படங்கள் இப்போது எல்லோர் கைபேசியிலும் கிடைக்கின்றன. ஞாயிறுகளில் என்னைத் தேடி யாரும் வருவதில்லை.

மாமா மட்டும் ஒருநாள் போனில் கேட்டார்: "அந்தப் படத்துல என் லோரி எங்கயாச்சும் தெரியுதா பாரேன்."

மண் கொட்டிய வருடங்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். குட்டை வருடா வருடம் சுருங்குவது தெரிந்தது. அந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பதே தரையில் ஒரு வீட்டைவிடப் பெரியது.

"இல்ல மாமா," என்றேன்.